அரசப்பனுக்கு விட்ட இடம்

பெருமுக்கல் சுகுமாரின் மகள் வெண்ணிலாவுக்கு அடித்த கல்யாண பேனரில், கீழ் வரிசையில் இருந்த பதினான்கு சொந்தக்காரர்களும் மறுநாளே ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, நடுவில் ஒரு முகத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அடித்தது திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் கலைப்பிரியா. வரிசையில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று எல்லோரும் இருந்தார்கள். தாய்மாமன் அரசப்பன் மட்டும் இல்லை. வெண்ணிலாவின் மஞ்சள் நீராட்டுக்கு அவர் சீர் கொண்டுவர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. "இனிமே என் வாசல மிதிக்காத" என்று சுகுமார் சொன்னார்; அவரும் ஒன்பது வருடம் மிதிக்கவில்லை. பேனருக்குப் படம் பொறுக்கிய அன்று வெண்ணிலாவின் அம்மா பவுனு தன் அண்ணன் பெயரை ஒரே ஒரு முறை சொன்னாள். கணவர் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கலைப்பிரியா மறுபடி அடித்துக் கொடுத்தாள், மறுபடியும் விலகினார்கள். இடைவெளியில் மயில் படம் வைத்தாள். அது மாப்பிள்ளை பெயர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சுகுமார் பேஜாராகி, "பேனரே வேணாம்மா. ஸ்கிரீன் வெச்சி வீடியோவா ஓட்டிடு" என்றார்.

"ஓட்டலாம்ணா. ஓடுற படத்துல யாரு இல்லன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நிக்கிற படம்னாதான் நின்னு எண்ணிக்கினு இருப்பான்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அண்ணிக்குத் தெரியுமே" என்றாள் கலைப்பிரியா, மவுஸிலிருந்து கையை எடுக்காமல்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சுகுமார் கண்டாச்சிபுரத்துக்கு வண்டியை எடுத்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த அரசப்பனிடம், "மச்சான், பேனருக்கு ஒரு போட்டோ வேணும்" என்றார்.

"போட்டோவுக்குத்தான் வந்தீங்களா மாப்ள?"

"எடம் விட்டுக்கினு நிக்கிறாங்க மச்சான். நான் என்னா பண்றது?"

அரசப்பன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "போட்டோ ஏது எங்கிட்ட? என்னையே இட்டுக்கினு போங்க."

அன்று பவுனு வயிறு நிறையச் சாப்பிட்டாள். கல்யாணத்தன்று அரசப்பன் மண்டப வாசலில், பேனருக்குக் கீழே நின்று வந்தவர்களை வரவேற்றார். மதியப் பந்தி முடிந்தபோது அவர் முகம் வரிசையில் இருந்தது, அன்று போட்டிருந்த பட்டுச் சட்டையோடு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுகுமாரின் தம்பி மட்டும், மற்றவர்களைவிட அது அரை அங்குலம் பெரிதாக விழுந்திருப்பதாகக் குறைப்பட்டார். "இருந்துட்டுப் போவட்டும் வுடு" என்றார் சுகுமார்.

இப்போது அந்த பேனர் பெருமுக்கல்லில் வைக்கோல் போர்மேல் கிடக்கிறது. தூறல் விழுந்தால் பதினைந்து பேரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மழை விட்டதும் பவுனு போய், அண்ணனிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முகமாகத் துடைத்துவிட்டு வருகிறாள்.