கட்டைவிரல் பள்ளம்

சட்டைக் கைக்குள் அக்காவின் கையை நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள் கடைக்குட்டி. தலை நரைத்த பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். நேற்றுவரை 'கையைத் தூக்கு' என்றால் இரண்டையும் தூக்கிக்கொண்டு சிரிப்பாள் அக்கா. விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டவளிடம் இனி யார் சொல்லி என்ன?

அக்கா உடம்பால் வளர்ந்தாளே தவிர, அறிவு ஐந்து வயதோடு நின்றுவிட்டது. அம்மா அப்பா போன பிறகு பார்த்துக்கொண்டது கடைக்குட்டிதான். பொத்தானை அதனதன் துளையில் போடு, துண்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடி என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போனது. ஆனால் அக்கா கற்றுக்கொண்டாள். அப்புறம் எது கோணலாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பகலில் தொண்டு நிறுவனத்தின் வேன் வந்து சோப்புக் கூடத்துக்கு அழைத்துப்போகும். அக்காவைப் போன்றவர்கள் கையால் செய்த சோப்பு என்றுதான் பெரிய கடைகளில் விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் நிறுவனத்தின் காப்பகமே நடக்கிறது என்பார்கள். ஒவ்வொரு சோப்பின் நடுவிலும் அக்காவின் கட்டைவிரல் பள்ளம் இருக்கும். அதைக் காட்டி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறாள் கடைக்குட்டி.

கூடத்திலிருந்து அதே வேனில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நெட்டையன் மட்டும் அறைக்குள் வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். அவனும் அக்காவைப் போலத்தான்.

"அக்கா இனிமே அமுக்க மாட்டாளா?"

"மாட்டாப்பா."

"மெஷின்ல எல்லாம் நேரா வருது. அக்கா அமுக்கணும். ஓரத்தை நகத்தால பிச்சுக் கோணலாக்கணும். முதல்ல மாட்டேன்னு அழுதா. வெளியில வெயில்ல நிக்க வச்சாங்க. அப்புறம் அமுக்கினா."

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "மெஷினா?"

"பெரிய மெஷின். விருந்தாளிங்க வந்தா துணி போட்டு மூடிடுவாங்க. எங்க கையில சோப்பு மாவைக் குடுத்துடுவாங்க."

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, தோள்பையைக்கூடக் கழற்றாமல், வாசலில் கிடக்கும் செருப்புகளை அக்கா ஏன் வரிசையாக அடுக்கினாள் என்பது கடைக்குட்டிக்கு இப்போது புரிந்தது. ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை உதறி உதறி மடித்ததும் அதற்குத்தான். பாடுபட்டுக் கற்றதைப் பகலெல்லாம் கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கெட்டதற்குத்தான் விலை.

அண்ணன் வந்து அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் அவனைச் சேர்த்து ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து பேச்சே மேடைப்பேச்சாகிவிட்டது. உள்ளே செயலாளர் நின்றிருந்தார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்குக்கூட அப்படி ஒரு முகம் அமையாது. கையில் மூடி போட்ட சின்ன டப்பா.

"இந்த நேரத்துல கேக்கறது சங்கடமாத்தான் இருக்கும்மா. உங்க அக்கா விரலுக்காகத்தான் ஜனங்க வாங்கறாங்க. ஒரே ஒரு அச்சு எடுத்துக்கறோம். பல் டாக்டருங்க வச்சிருக்கிற பசைதான். இனிமே மெஷினே அமுக்கிடும். அவங்க காலத்துக்கும் இருப்பாங்க."

"உங்க கூடத்துல வேற விரலே இல்லையா?"

"இருக்குதும்மா. ஒருத்தன் ஓட்டையே போட்டுடறான், ஒருத்தி கிள்ளி வச்சிடறா. உங்க அக்கா மட்டும்தான் நட்டநடுவுல, ஒரே ஆழத்துல, இம்மி பிசகாம அமுக்குவாங்க."

கோணலாக்கச் சொன்னதையும் நேராகவே செய்திருக்கிறாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்களுக்குப் பிணத்தின் விரல் கூடவா லாபம்? அந்த டப்பாவைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவளை யாரும் தொடக்கூடாது."

"நாப்பது பேர் சாப்பாடும்மா," என்றான் அண்ணன். "சோப்பு நின்னா காப்பகம் நின்னுடும். அந்த நெட்டையன் எங்க போவான்?"

அறைக்குள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தவனை அவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "தொடக்கூடாதுன்னா தொடக்கூடாதுண்ணே."

"உங்க விருப்பம்தாம்மா எங்களுக்கு முக்கியம்," என்று செயலாளர் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அமரர் ஊர்தி ஓட்டுநர் கீழேயிருந்து கூப்பிட்டார். மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று அளந்து பார்க்க வேண்டுமாம். கடைக்குட்டி இறங்கிப் போனாள். கைப்பிடிச் சுவரோரம் இருந்த பூந்தொட்டியை அவரோடு சேர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தபோது செயலாளர் அவர்களைக் கடந்து இறங்கிப் போனார். அவள் மேலே வந்தபோது, அறை வாசலில் நெட்டையன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"ஏன் இங்க நிக்கறே?"

"உள்ள இருக்கக்கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு."

அறையில் யாரும் இல்லை. தெருவில் வேன் புறப்படும் சத்தம் கேட்டது. அக்காவின் வலது கையின் மேல் இடது கையை வைத்துவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். இப்போது வலது கை மேலே இருந்தது. கட்டைவிரலைத் துடைத்திருந்தார்கள், நக இடுக்கில் மட்டும் ரோஸ் நிறத்தில் பசை காய்ந்திருந்தது.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். "நாப்பது பேர்மா," என்று மறுபடி ஆரம்பித்தவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் திரும்பவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். அக்காவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பசையைக் கிளற ஆரம்பித்தாள்.

"வண்டிக்காரர் அவசரப்படறாரு," என்றான் அண்ணன்.

வந்த துணுக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, விரலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நகத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.