உள்பக்கம் பார்த்த கடை

ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. நாலு ஆண்கள் அடியில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருவர் கம்பியைக் கொண்டுவந்து நெம்பிப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் நின்றது நின்றதுதான்.

“இன்னொரு தம் புடிச்சுப் பாக்கலாமுங்களா?” என்றான் வாட்ச்மேன் செங்கோடன்.

“வேண்டாம், சத்தம் மாடிக்கெல்லாம் கேக்குது. குனிஞ்சே எடுத்துரலாம்” என்றார் வெள்ளியங்கிரி. மூன்றாவது மாடிக்காரர். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி விட்டுச் சம்பாதித்து, பிள்ளைகள் படிப்புக்காகச் சேலத்தில் பிளாட் வாங்கிக் குடிவந்தவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். சாவாக இருந்தாலும் சத்தம் வரக் கூடாது என்று பார்க்கிற பொறுப்பு அவருக்கு இருந்தது.

கடைக்குள்ளே குமாரசாமி பாயில் கிடந்தார். விடிந்ததும் கடை திறக்க ஷட்டரைத் தூக்கியவர், பாதி தூக்கியதுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே அரிசி மூட்டையின் மேல் சாய்ந்தார். நாலாவது தெருவிலிருந்து டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலைமாட்டில் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். அந்த ஷட்டரின் சூட்சுமம் அவளுக்குத் தெரியும். இடது பக்கம், தகடு காடிக்குள் நுழைகிற இடத்தில் முழங்கையால் ஓர் இடி கொடுத்தபடியே மேலே தள்ள வேண்டும். அவர் தினமும் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. அவர் சந்தைக்குப் போன நாட்களில் அவளே செய்ததும் உண்டு.

இப்போது அவள் சொல்லவில்லை. துக்கத்தில் வாய் எழவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஷட்டர் முழுவதும் ஏறினால் கடை திறந்தது என்று ஆகிவிடும், அதற்குத் தன் கை உதவ வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நினைக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பும் வந்தது.

ஆண்கள் குனிந்து, முட்டி போட்டு, குமாரசாமியை ஷட்டருக்கு அடியில் வெளியே எடுத்தார்கள். அவளும் குனிந்து வெளியே வந்தாள்.

இளம்பிள்ளையில் ரெண்டு தறியோடு இருந்த வீட்டை விற்றுத்தான் குமாரசாமி இந்தக் கடையை வாங்கினார். சேலத்துக்கு அப்போது பிளாட் என்பதே புதுசு. “நாப்பது குடும்பம், கமலா! நாப்பது ஊட்லயும் அடுப்பெரியணும். உப்புப் புளிக்கு எங்க போவாங்க?” என்று கேட்டார். அந்த நாற்பது குடும்பத்தாரோ ஸ்கூட்டரில் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனார்கள். மாதச் சாமானை அங்கே மொத்தமாக வாங்கி மூட்டையாகக் கட்டிவந்து, அவர் கண்ணெதிரே மாடி ஏறினார்கள்.

கீழ்த்தளத்தில் ஆறு கடைகள் உண்டு. மற்ற ஐந்தும் விலை போகவில்லை. கட்டிடம் கட்டியவர் மிச்சமான ஓடுகளையும் உடைந்த பீங்கான்களையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். முதல் வருஷம் கடைக்கு எதிரே ரோடாவது தெரிந்தது. லாரிக்காரர்கள் நிறுத்தி சோடா குடிப்பார்கள், பீடி வாங்குவார்கள். அப்புறம் யாருடைய ஸ்கூட்டரோ திருடு போயிற்று. சங்கம் கூடி ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பியது. அன்றிலிருந்து கடை ஊருக்கு இல்லை என்று ஆயிற்று. மதிலில் ஒரு போர்டு மாட்டிக்கொள்ளக் கேட்டார், அசிங்கமாக இருக்கும் என்றார்கள். வாசலில் பெஞ்சு போட்டார், வெட்டிக்கூட்டம் சேரும் என்றார்கள். வாழைத்தார் தொங்கவிட்டார், ஈ மொய்க்கிறது என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் குமாரசாமி “ஆகட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துவைத்தார்.

மாடிக்காரர்கள் மறந்துவிட்டு வந்த சாமான்தான் அவரிடம் விற்றது. தீப்பெட்டி, பெருங்காயம், திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் சர்க்கரை. ரோட்டை ஒட்டிய பக்கத்து பால்கனிகளிலிருந்து கயிற்றில் கூடை இறங்கி, தள்ளுவண்டிக்காரனிடம் கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு மேலே போகும். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி குமாரசாமி அந்தக் கூடைகளை அண்ணாந்து பார்ப்பார். “ஒரு நாளைக்கு நம்ம பக்கமும் எறங்கும் பாரு” என்பார். மனிதருக்கு நம்பிக்கை மட்டும் கடைசிவரை கையிருப்பில் தீரவில்லை.

கடையேதான் வீடும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் அடுப்பும் படுக்கையும். ஜன்னல் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுநீர்த் தொட்டி. அங்கே ஒரு கதவு வைத்துக்கொள்ளக் கேட்டபோது, கட்டிடத்துக்கு ஆகாது என்றார்கள். ராத்திரி ஷட்டரை இறக்கினால் பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல இருக்கும். பெரிய வீடோ தோட்டமோ கமலவேணி கேட்கவில்லை. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு உள்ள வீடாக இருந்தால் போதும் என்று அவள் ஏங்கினாள்.

கேட்டில் சத்தம் கேட்டது. அவள் தம்பி நாச்சிமுத்து உறவு சனத்தோடு வந்திறங்கியிருந்தான். செங்கோடனுக்குப் பழக்கம் விடவில்லை.

“யாரப் பாக்கணுமுங்க?”

“குமாரசாமிய.”

“அவரு எறந்துட்டாருங்களே.”

“அதுக்குத்தானய்யா வந்திருக்கோம். தொறய்யா கேட்ட!”

மேளக்காரர்களை வெள்ளியங்கிரி மதிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. பரீச்சைக்குப் படிக்கற புள்ளைங்க இருக்குது” என்று கையெடுத்துக் கும்பிட்டார். மேளம் ரோட்டைப் பார்த்து அடித்தது. ரோட்டில் போனவர்கள், யாரும் சாகாத இடத்தில் எதற்கு அடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் வெள்ளியங்கிரியின் சம்சாரம் சென்னியம்மாள் வேறு மாதிரி. காலையிலேயே படியில் நின்று எல்லாத் தளத்துக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். “ஒரே காம்பவுண்டு. பொணத்தப் போட்டுக்கிட்டு அடுப்பு மூட்டலாமா? எடுக்கற வரைக்கும் ஒரு ஊட்லயும் பொகையக் கூடாது.” வெவ்வேறு ஊரிலிருந்து குடிவந்த பரமத்தி வேலூர்க்காரர்களும் எடப்பாடிக்காரர்களும் அதில் ஒரே ஊராகிவிட்டார்கள். குழந்தைகளுக்குக்கூட முந்தின நாள் பழையதுதான். நாற்பது குடும்பமும் சேர்ந்து குமாரசாமிக்கென்று செய்த முதல் காரியம், பட்டினி கிடந்ததுதான்.

நாச்சிமுத்து அக்காவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். அழுது முடித்த பிறகு பிறந்த வீட்டுக் கோடியை மடியில் வைத்தான். அவன் தறியில் நெய்த வெள்ளைச் சேலை.

“ஏன்க்கா, இனி இங்க என்ன இருக்குது?” என்று குரலைத் தாழ்த்தினான். “புள்ளையா குட்டியா? பதினாறு முடிஞ்ச அன்னிக்கே பூட்டிப் போட்டுட்டு நம்ம ஊட்டுக்கு வந்துரு. தறிக்கு நூல் தார் சுத்திக் குடுத்துக்கிட்டு எங்களோட இரு.”

“கடைய?”

“கெடக்குது போ. அந்த அஞ்சோட இதுவும் ஆறு. மாமா இருக்கையிலயே ஓடல. இனி நீ உக்காந்தா எவ வந்து போணி பண்ணுவா? தாலி அறுத்தவ கையில காலங்காத்தால மொத சாமான் வாங்குவாங்களா? நாஞ் சொல்றேனேன்னு வருத்தப்படாதக்கா.”

அவள் வருத்தப்படவில்லை. குமாரசாமியே விடியற்காலை முதல் வியாபாரத்துக்கு ஆள் பார்ப்பார். கைராசியான ஆள் வந்து போணி செய்கிறவரை கடன் கேட்பவரைக் கண்டுகொள்ள மாட்டார். நாச்சிமுத்து சொல்வது சரிதான். தன் கையால் இனி போணி ஆகாது. ஆகாத கடையில் யாரும் அவளை உட்காரச் சொல்ல முடியாது. அந்த மதிலை விட்டு, அந்த ஷட்டர் தகரத்தை விட்டு வெளியே போவதற்கு ஒரு வழி அவளுக்குத் திறந்துவிட்டது. அவர் செத்ததால் திறந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நாச்சிமுத்து அவள் முதுகைத் தடவினான்.

சாயங்காலம் எடுத்தார்கள். பங்காளி மகன் ராசு கொள்ளிச்சட்டி பிடித்தான். இருந்த ஆண்கள் எல்லாரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். கேட்டுக்கு வெளியே போனதும் மேளம் உரத்து ஒலித்து, பின் தேய்ந்தது. பெண்கள் இடத்தைக் கழுவிவிட்டார்கள். கமலவேணி மாடிப்படிக்கு அடியில் இருந்த குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கோடியைச் சுற்றி, வளையல் இல்லாத வெறுங்கையோடு கடைக்குள் குனிந்து போய் உட்கார்ந்தாள். எதையும் நினைக்காமல் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று பார்த்தாள்.

அப்போதுதான் மாடிகளில் நாற்பது அடுப்பும் ஒரே நேரத்தில் மூட்டப்பட்டன.

பகலெல்லாம் பட்டினி கிடந்த வீடுகள். மாதக் கடைசி, கட்டிவந்த மூட்டைகளும் தீர்ந்திருந்தன. டவுனுக்குப் போக ஸ்கூட்டரும் இல்லை, ஆண்களும் இல்லை. படியில் முதலில் ஒரு காலடி கேட்டது, பிறகு பல. ஷட்டருக்கு வெளியே சேலைக் கொசுவங்கள் வந்து நின்றன. கிசுகிசுத்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியை முன்னால் தள்ளினாள்.

சென்னியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சின்னது ரெண்டும் பசியில சுருண்டு கெடக்குதுங்க. ரவை இருக்குமுங்களா?”

“தீட்டுங்க அம்மிணி” என்றாள் கமலவேணி. “இன்னிக்கு வேண்டாம்.”

“தீட்டு பங்காளிக்குத்தானுங்க, ரவைக்கு ஏதுங்க?”

“எங்கையால வேண்டாமுங்க. நாந்தான் இப்படி ஆயிட்டனே. போணி பண்றது உங்களுக்கு ஆகாது.”

சென்னியம்மாள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “ஆகாதுன்னு யாரு சொன்னாங்க? இருக்கற வரைக்கும் அந்த மனுசங்கிட்ட ஒரு படி அரிசி வாங்கல நாங்க. காலையில இருந்து அதுதான் என்னக் குத்துது. போணி நாம் பண்றேன், குடுங்க. இனி எங்க ஊட்டுச் சாமான் ஒண்ணுகூட வெளிய வாங்கினா என்னன்னு கேளுங்க.” திரும்பிப் பார்த்து, “என்னங்கடி, சொல்லுங்களேன்!” என்றாள்.

கொசுவங்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றன. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. குனிந்து நிற்க முடியாமல் சென்னியம்மாள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். “ஏனுங்க, இதக் கொஞ்சம் மேல தூக்க முடியாதுங்களா?” என்றாள்.

கமலவேணிக்குக் குழந்தை அழுவது கேட்டது. எழுந்தாள். இடது பக்கம் போனாள். முழங்கையால் ஓர் இடி, ஒரு தள்ளு. ஷட்டர் சடசடவென்று உச்சிவரை ஓடி ஏறியது. இடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

எதிரே அத்தனை முகங்கள். அத்தனை கைகளிலும் பைகள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிவந்த நாச்சிமுத்து ஈரத்துண்டோடு அப்படியே நின்றான். அக்கா வெள்ளைச் சேலையில் தராசைப் பிடித்து நின்றாள். ரவை தீர்ந்து, அவல் தீர்ந்து, கோதுமை மாவு மூட்டை அடியில் வந்திருந்தது. கட்டிடத்துச் சனம் முழுக்க ஷட்டருக்குக் கீழே இருந்தது. வெள்ளியங்கிரி அவன் தோளில் கை போட்டார்.

“அம்மாவ நீங்க கூட்டிக்கிட்டுப் போவ வேண்டாமுங்க. நாங்க இருக்கோம். போர்டும் வெச்சுக்கட்டும், பெஞ்சும் போட்டுக்கட்டும். சங்கத்துல நாஞ் சொல்லிக்கறேன்.”

நாச்சிமுத்து ஷட்டரையே பார்த்தான். “காலையில நாலு பேரு சேந்து தூக்கியும் வரலைன்னாங்க. நீயாக்கா தூக்கின?”

அவள் தலையசைத்தாள்.

“பாத்தியா!” என்றான். அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் வீட்டில் தறி போக மிச்சம் ஒரே அறை, அதில் அவன் பெண்டாட்டி குப்பாயி, மூன்று பிள்ளைகள். “உனக்கு எல்லாந் தெரியுது. சனமும் எத்தன பிரியமா இருக்குது. மாமா இதுக்குத்தான தவங் கெடந்தாரு.”

“நாச்சி, நான் ஊருக்கே வாரேன்” என்றாள் கமலவேணி. எத்தனை மெதுவாகச் சொன்னாளோ, ஒருவேளை அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டுத்தான் இருக்கும்.

“பதினாறு முடியட்டுங்க்கா. பாக்கலாம்” என்றான். காலையில் சொன்ன அதே பதினாறு.

மூன்றாம் நாள் காரியத்துக்கு வருவதாகச் சொல்லி உறவு சனத்தோடு புறப்பட்டான். குப்பாயியின் அக்கா ஒருத்தி துணைக்குத் தங்கினாள். நாள் முழுக்க அழுத களைப்பில் தடுப்புக்குப் பின்னால் சுருண்டுகொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். வாங்க வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். எல்லா மாடிகளிலும் தாளிக்கிற வாசனை. கமலவேணி அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே மதில். மதிலுக்கு அப்பால் இளம்பிள்ளை பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் ஊதினான், பஸ் கிளம்பிப் போனது. சத்தம் மட்டும்தான் இந்தப் பக்கம் வந்தது.

“அக்கா!” மூன்றாவது மாடியிலிருந்து சென்னியம்மாளின் குரல். “காலையில காப்பித்தூளு வேணுமுங்க. இப்பவே போட்டு வையுங்க. நீங்க ஏறி எறங்க வேண்டாம்.”

மேலே ஏதோ உரசியது. முற்றத்துப் பக்கத்து பால்கனியிலிருந்து ஒரு பிரம்புக் கூடை கயிற்றில் ஆடிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது மாடியைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி, கடைக்கு நேர் எதிரே வந்து, அவள் முகத்துக்கு முன்னால் காலியாகச் சுற்றியது. கமலவேணி கூடையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு காப்பித்தூள் டப்பாவைத் தேடி உள்ளே திரும்பினாள்.