உட்கார்ந்துவிட்ட யோவான்

பிங்கன் ஊர் நாணயச்சாலையில் அடித்த தங்கக் காசுகளில் அதுவரை நின்றுகொண்டிருந்த திருமுழுக்கு யோவான், திராட்சை அறுவடை முடிந்த ஒரு புதன்கிழமை உட்கார்ந்துவிட்டார். சந்தையில் மீன் விலை அன்று சற்று இறங்கியிருந்தது. வியாபாரிகளின் பையில் இருந்தவை, படகேறிக் கொலோனுக்குப் போய்க்கொண்டிருந்தவை என்று எல்லாக் காசிலும் அவர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்.

நாணயச்சாலைத் தலைவன் விகாண்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காசு, அந்த ஊரை ஆண்ட மைன்ஸ் பேராயருடையது. அவரும் ரைன் கரையின் வேறு இரண்டு பேராயர்களும் ஒரு கோமகனும் ஒரே தரத்தில் காசு அடிப்பதென்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு காசைப் பூட்டிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். நால்வரின் ஆட்களும் கூடும் நாளில் அதைத் திறந்து உரைத்துப் பார்ப்பார்கள். தங்கம் குறைந்திருந்தால் தலைவனைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குவார்கள்.

"தங்கம் கம்மி. அதான் மனுஷனுக்குக் கால்ல தெம்பில்ல" என்றார்கள் மீன்காரிகள்.

உலையில் வெள்ளி கூடிப்போயிருக்குமோ என்று விகாண்டுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்கதானே எடை போட்டீங்க?" என்றாள் மனைவி கூடெல்.

"போட்டேன்டி. கை நடுங்குச்சோ என்னமோ."

"உங்க கை ஒயின் தீந்தாத்தான் நடுங்கும். பேசாம படுங்க."

பெட்டி திறக்கும் நாளும் வந்தது. உரைகாரர் எம்மெரிக் ஒரு காசைக் கறுப்புக் கல்லில் தேய்த்துக் கோடு இழுத்தார். அதன் பக்கத்தில், தரம் தெரிந்த தங்க ஊசிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். வெள்ளி கூடினால் கோடு வெளிறும். எந்த ஊசியின் நிறம் ஒத்துப்போகிறதோ அதன் தரமே காசின் தரம். கிழவர் கல்லை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கம் சரியாத்தான் இருக்குய்யா."

"அப்ப இவரு ஏன் உக்காந்தாரு?" என்றான் விகாண்ட்.

"முப்பது வருஷமா நிக்கிறாரு. நீ நின்னு பாரேன்."

விகாண்ட் தரையிலேயே உட்கார்ந்து, மூக்கைச் சிந்தியபடி சிரித்தான். காசு மாற்றும் கடைக்காரர்கள் மறுநாளிலிருந்து, மற்ற மூவரின் காசில் நின்ற யோவானையும் பிங்கன் காசில் உட்கார்ந்த யோவானையும் ஒரே விலைக்கு எடுத்தார்கள்.

"பாவம், அந்தரத்துல உக்காந்திருக்காரு. ஒரு முக்காலி வெட்டிக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் கூடெல்.

பேராயரின் அலுவலகமும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த அச்சில் விகாண்ட் முக்காலியை வெட்டினான். அதில் அடித்த முதல் காசிலேயே யோவான் காலை நீட்டிக்கொண்டார். விகாண்ட் அதை எடை போட்டு, மற்றக் காசுகளோடு பையில் போட்டுக் கட்டினான்.