ஸ்டியரிங் இல்லாத வண்டி

கோயம்புத்தூர் ஷோரூமில் அந்த விற்பனைக்காரர் என் வீட்டுக்காரர் தனபாலைப் பார்த்தேதான் பேசினார். ஒரு வாக்கியத்துக்கு நாலு 'சார்'. புல் வெட்டும் காண்ட்ராக்ட் என்னுடையது. வண்டி வாங்க வந்தவள் நான். ஓட்டப்போகிறவளும் நான். பக்கத்தில் நின்ற தனபால் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர் என்பது அவர் நெற்றியில் எழுதியிருந்ததோ என்னவோ. எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். அன்றைக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

விஷயம் இதுதான். கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு கால்பந்துப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நிஜப் புல் வளர்த்த பெரிய மைதானம். ஆறு வருஷமாக நானும் நாலு பெண்களும் தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு அதை வெட்டினோம். புதிதாக வந்த மலையாளி மேனேஜர் ரிஜினுக்குப் புல் மேடும் பள்ளமுமாக இருந்தது பிடிக்கவில்லை. ஏறி ஓட்டுகிற மெஷினோடு வந்தால் அடுத்த வருஷமும் நீங்கள், இல்லாவிட்டால் திருச்சூர் கம்பெனி என்று சொல்லிவிட்டார். அந்த மைதானம் கைவிட்டுப் போனால் எங்கள் ஐந்து பேருக்கும் வருஷத்தில் பாதி நாள் வேலை கிடையாது. மீனாட்சிபுரத்தில் என் கட்டுத்தறியில் நின்ற கறவைகளில் இரண்டை விற்றுவிட்டுத்தான் ஷோரூம் படி ஏறியிருந்தேன்.

"சார், இந்த அறுபது இஞ்ச் மாடல் பாருங்க சார். மைதானத்துக்குன்னே செஞ்சது சார்" என்றார் விற்பனைக்காரர்.

நான் இடுப்பில் செருகியிருந்த கயிற்றை எடுத்தேன். மைதானத்தின் உள்கேட்டை அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்த கயிறு. அதை வண்டியின் குறுக்கே பிடித்துக் காட்டினேன். அறுபது இஞ்ச் வண்டி முடிச்சைத் தாண்டி ஒரு சாண் வெளியே நின்றது.

"ஏனுங்க, இதை வாங்கிப்போட்டுக் கேட்டுக்கு வெளியவே நின்னு புல்லைப் பாத்துட்டு இருக்கறதுங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

நாற்பத்தெட்டு இஞ்ச் வண்டி ஒன்று இருந்தது. வெட்டிய புல்லை வெளியே தள்ளுகிற பக்கவாட்டுத் தகட்டை மேலே மடக்கினால் கயிற்று முடிச்சுக்குள் அடங்கியது. கத்திகள் சுழலும் அடிப்பெட்டியைக் குனிந்து விரலால் சுண்டிப் பார்த்தேன். கனமான இரும்பு. சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங். நாலு ஏக்கரில் குதித்துக் குதித்து ஓட்டப்போகிறவளுக்கு அது முக்கியம்.

ஓட்டிப் பார்க்க முதலில் தனபால்தான் ஏறினார். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். முன்னால் தள்ளினால் அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும், நடுவில் விட்டால் நிற்கும். அவருக்கோ கால் பிரேக்கைத் தேடியது. பயந்துபோய் இரண்டு லீவரையும் மார்போடு சேர்த்து இழுத்தார். வண்டி பின்னாலேயே ஓடி, அடுக்கி வைத்திருந்த ஆயில் டப்பாக்களின் மேல் சாய்ந்து நின்றது.

"தரை வழுக்குதுங்க" என்றார் இறங்கிக்கொண்டே. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷன்.

நான் ஏறினேன். இரண்டு லீவரையும் பிடித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது லாரி இல்லை, மாட்டு வண்டி. என் அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, பதினோரு வயதிலிருந்து கரும்பு வண்டி ஓட்டியது நான்தான். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடத்து மாட்டைப் பிடி, வலத்து மாட்டை விடு. அவ்வளவுதான். ஷோரூமின் பின்வாசலில் இரண்டு வேப்பமரம் நின்றது. இரண்டையும் சுற்றி எட்டுப் போட்டுக் கொண்டுவந்து, ஏறின இடத்திலேயே நிறுத்தினேன்.

"மேடம், இதுக்கு முன்னால ஓட்டியிருக்கீங்களா?" என்றார் விற்பனைக்காரர்.

"ஓட்டியிருக்கறனுங்க. அது சாணி போடும்" என்றேன்.

வாங்கி வந்த வண்டியை ஒரு வாரம் எங்கள் தென்னந்தோப்பில் ஓட்டிப் பழகினேன். மரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் ஒரு புல் மிச்சமில்லை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. வந்தவர்களில் பொங்கியண்ணனும் உண்டு. எனக்குப் பங்காளி முறையில் அண்ணன், தொழிலில் எதிராளி. அவரிடம் ஆறு பிரஷ் கட்டர் ஆட்கள் இருந்தார்கள். ரிஜினின் மைதானத்தின் மேல் அவருக்கு ஒரு கண் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

"பொம்மையாட்டம் இருக்குது அம்மிணி. மண்ணுல ஓடும். மைதானத்துல ஓடுமா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் இறக்கினேன். வரி வரியாக, பாய் விரித்தது மாதிரி வெட்டிக்கொண்டே போனேன். தலைகால் புரியாத சந்தோஷம். முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வரியின் முனையிலும், நான் வண்டியைத் திருப்பிய இடத்தில், கோழி கிளறியது மாதிரி வட்டமாக ஒரு குழி. புல் வேரோடு பிய்ந்து கிடந்தது.

ரிஜின் ஓடிவந்தார். "எந்தா சேச்சி இது? ஞாயிற்றுக்கிழமை மேட்ச். பிள்ளைங்க கால் ஒடிஞ்சா ஆரு பதில் சொல்றது?" குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. எனக்கு அதுதான் சுட்டது. குழிகளை மண் போட்டுப் புல் ஒட்டி மூடச் சொன்னார். சனிக்கிழமை காலை பாதி மைதானத்தை மறுபடி வெட்டிக் காட்ட வேண்டும். ஒரு குழி விழுந்தாலும் திங்கட்கிழமை திருச்சூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள்.

செய்தி எனக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. புல் ரொம்ப இளசு, அதனால்தான் பிய்ந்தது என்று நான் யாரிடமோ சொல்லப்போக, பொங்கியண்ணன் காதில் விழுந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா!" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. விற்ற மாடுகள் நின்ற இடம் கட்டுத்தறியில் காலியாகக் கிடந்தது.

புதன்கிழமை தோப்பில் மறுபடி ஏறினேன். "எங்க பிசகுதுன்னு கீழ நின்னு பாருங்க" என்று தனபாலிடம் சொன்னேன். லாரிக்காரர் குந்தி உட்கார்ந்து டயரையே பார்த்தார். நாலு தடவை திரும்பினேன்.

"நிறுத்து, நிறுத்து. ஏம்புள்ள, உள்டயரு சுத்தவே மாட்டீங்குது. வெளிடயரு ஓடுது, உள்டயரு நின்ன எடத்துலயே திருகி அரைக்குது. லாரி டயரா இருந்தா இந்நேரம் தேஞ்சு போயிருக்கும்."

இறங்கி வந்து பார்த்தேன். தோப்பிலும் அதே குழி இருந்தது. சும்மாவே கொத்திப்போட்ட மண் என்பதால் ஒரு வாரமாக என் கண்ணில் படவில்லை. இடத்து மாட்டைப் பிடி, வலத்து மாட்டை விடு. ஷோரூமில் என்னை ராணியாக்கிய அதே கைதான் மைதானத்தைக் கிளறியிருக்கிறது. பிடித்த மாடு நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கும், டயருக்குக் கால் ஏது? அதோடு, வண்டியில் பூட்டிய மாட்டைப் பின்னால் நடக்கச் சொன்னால் நடக்குமா? அதனால் லீவரைப் பின்னால் இழுக்கலாம் என்று தெரிந்தும் என் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

முனைக்கு வந்ததும் சக்கரம் இரண்டும் உருள உருளக் கொஞ்சம் வளைந்து போக வேண்டும். பிறகு இரண்டையும் இழுத்துப் பின்னால் வர வேண்டும். பிறகு அடுத்த வரியில் நுழைய வேண்டும். சொல்ல மூன்றே வரி. நாற்பத்தெட்டு வயதுக் கைக்குச் சொல்லிப் புரியவைக்க மூன்று நாள் ஆயிற்று. தரையில் சாம்பலைத் தூவி ஓட்டினேன். டயர் நின்று அரைத்தால் சாம்பல் இழுவிக் கிடக்கும், உருண்டால் டயரின் அச்சு அப்படியே விழும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி இருபது திருப்பத்திலும் அச்சு சுத்தமாக விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை மைதானம் ஈரமாகக் கிடந்தது. பொங்கியண்ணன் ஆறு ஆட்களோடு வேலியோரம் வந்து நின்றிருந்தார். "ஈரத்துல சறுக்கும் அம்மிணி, வேண்டாம்" என்றார். அக்கறையா ஆசையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. ரிஜின் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏறவில்லை. புல் நுனி உலராமல் சக்கரம் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாளையார்க் கணவாய்க் காற்று எழும்பும் வரை வண்டியில் சாய்ந்து நின்றேன். பத்து மணிக்குப் பாதத்தைத் தேய்த்துப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் திருப்பம் வளைந்து, பின்வாங்கி, நுழைந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசித் திருப்பம் மூலைக்கொடிக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. இடம் குறுகல். இடது கை தன்பாட்டுக்கு லீவரை நடுவில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது. "சும்மா இரு" என்று கையைப் பார்த்து வாய்விட்டே அதட்டினேன். இரண்டு லீவரையும் ஒரு நூல் பின்னால் இழுத்தேன். உள்டயர் உருண்டது. வண்டி வாய்க்கால் ஓரத்தில் மெல்லப் பின்வாங்கி, அடுத்த வரியில் நேராகப் போய் நின்றது.

ரிஜின் மைதானத்துக்குள் இறங்கினார். ஒரு பந்தை எடுத்துக்கொண்டு போய், நான் திருப்பிய இடங்களின் மேலாகவே காலால் உருட்டிவிட்டார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பந்து ஒரு இடத்தில்கூடத் துள்ளவில்லை. வேலியோரம் பார்த்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் தன் ஆட்களிடம் சத்தமாகவே சொன்னார்: "என்ற தங்கச்சியாக்கும்!" தனபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்கவேண்டிய அவசியமும் எனக்கில்லை.

"சேச்சி, சூப்பர். காண்ட்ராக்ட் உங்களுக்குத்தன்னே. எறங்குங்க, ஒரு சாயா குடிக்கலாம்" என்றார் ரிஜின், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"பாதிதானுங்க ஆச்சு" என்றேன். இரண்டு லீவரையும் முன்னால் தள்ளினேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்."