நிகழ்காலம் இல்லாத வினை

...இறந்தகாலம் மட்டும் எப்படி மிஞ்சும், டொமினிக் மறுபடி அதையே நினைத்தான், 'குவோத்', அதாவது 'சொன்னாள்', இந்தப் பழைய ஆங்கில வினைக்கும் ஒரு காலத்தில் 'சொல்கிறாள்' இருந்தது, அது செத்து நூற்றாண்டுகள் ஆகின்றன, அகராதிக்கு இதன் வேரை இன்று எழுதி முடிக்க வேண்டும்... பக்கத்து மேசை ஹிலரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் அந்தப் பொணத்தக் கட்டிக்கிட்டுதான் அழறியா?" சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, முகம் சிவந்து, "டீ போடறேன்" என்று ஓடினாள், சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள், அவன் சர்க்கரை சேர்ப்பதில்லை, குடித்தான். மனைவி பிரையனி இறந்துபோனதிலிருந்து இங்கே யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை, டீ மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது. 'பிக்வீத்' இதே வேர்தான், இன்று உயில் எழுதிவைப்பது, அன்று எழுத்து ஏது, சாகிறவர் வாயால் சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பொருள் கைமாறும்... பக்கத்தில் இருப்பவர். அவன் இல்லையே, குளித்துவிட்டு வர ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தான், இருந்தவள் பிரையனியின் அக்கா இமோஜன். "நீ வீட்டுக்குப் போயிருந்தப்ப சொன்னா, வயோலா எனக்குன்னு." சரி என்றான். பிரையனி வாசித்த அந்த வயோலா, வயலினைவிடச் சற்றே பெரிய வாத்தியம், இப்போது மேசைக்கடியில், இமோஜன் மதியம் வந்து எடுத்துக்கொள்வாள். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், எனக்கு ஏதாவது சொன்னாளா, இதைக் கேட்க ஏன் இத்தனை நாள், இல்லை என்றுவிடுவாளோ என்றா?

கார் நிறுத்துமிடத்தில் தூறல். இமோஜன் வயோலாப் பெட்டியைப் பின் சீட்டில் படுக்கவைத்து பெல்ட்டும் மாட்டினாள். "துரும்பா இளைச்சுட்டே. சமைக்கிறியா, இல்ல டோஸ்ட்டுலயே ஓட்டறியா?" "டோஸ்ட்தான்." பிறகு கேட்டுவிட்டான், குரல் யாருடையதோ போலிருந்தது. "இமோஜன், என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாளா?" அவள் சாவியைப் பார்த்தாள். "இல்ல டொமினிக். நீ கிளம்பினதுலேர்ந்து தூக்கம்தான். கண்ணும் தொறக்கல, வாயும் தொறக்கல. நிம்மதியா போனா." தலையாட்டினான், கையாட்டினான், நல்லது, நிம்மதியாகப் போனாள், கார் மூலை திரும்பியது, வாயும் திறக்கவில்லையாம்... அப்படியென்றால் வயோலா? இரண்டில் ஒன்று பொய். வயோலா பொய்யென்றால் பிரையனி ஒன்றுமே சொல்லாமல் போயிருக்கிறாள். தூக்கம் பொய்யென்றால் ஏதோ சொல்லியிருக்கிறாள், அவனிடம் சொல்லக்கூடாத ஏதோ. எது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது... மழை வலுத்தது, அவனுக்குத் தெரியவில்லை.