ஜன்னலோரம் கிடைக்கும் லைன்

2024 மார்ச் 4, திங்கட்கிழமை, மலேசியாவின் ஜொகூர் பாரு ஸ்டுலாங்கில், கடலுக்கு அக்கரையில் சிங்கப்பூரைப் பார்த்திருக்கும் ஒரு தனியார் கல்லூரி, மாணவர்கள் கையெழுத்திடும் வருகைத் தாளை நிறுத்தியது. அன்று முதல் திரையில் காட்டப்படும் கியூஆர் குறியை அவரவர் போனில் கல்லூரிச் செயலி வழியாக ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஜூன் 10ஆம் தேதி, தேர்வெழுதத் தகுதி இல்லாதவர்களின் பட்டியல் வந்தது. மழலையர் கல்வி டிப்ளோமா படிக்கும் பிரேமலாவின் பெயர் அதில் இருந்தது. வயது நாற்பத்தொன்று, வகுப்பிலேயே மூத்தவர். பதினான்கு வகுப்புகளில் மூன்றுக்குத்தான் வந்திருக்கிறார் என்றது செயலி. உலு திராமில் ஒரு பாலர் பள்ளி, டிப்ளோமா முடித்ததும் சேரலாம் என்று ஜூலை வரை அவருக்காக ஓர் இடத்தை வைத்திருந்தது.

விரிவுரையாளர் ஜாக்லின், பிரேமலாவைவிடப் பத்து வயது இளையவர்.

“அக்கா, பதினோரு தடவையும் சிங்கப்பூர்லேர்ந்து ஸ்கேன் பண்ணியிருக்கீங்கன்னு காட்டுது. அங்க வேலை செஞ்சுக்கிட்டே, யாரையாவது படம் அனுப்பச் சொல்லி ஸ்கேன் பண்றீங்கன்னு ஆபிஸ்ல நினைக்கிறாங்க.”

“மிஸ், நான் உங்க முன்னாலதான் உக்காந்திருந்தேன்லா. பச்சைக் குறி வந்துச்சு, போதும்னு விட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியும். செயலிக்குத் தெரியலையே. போனைக் கொடுங்க.”

திரையின் மேல் மூலையில் சிங்கப்பூர்த் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இருந்தது.

பிரேமலாவின் கணவர் விஜயன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவருடைய தொழிற்சாலையில் கேமரா உள்ள போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே பொத்தான் போன் மட்டும்தான். அதிலிருந்து உள்ளூர்க் கட்டணத்தில் கூப்பிட வசதியாக ஒரு சிங்கப்பூர் சிம்மை மனைவிக்குக் கொடுத்திருந்தார். வகுப்பு நடக்கும் ஒன்பதாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அக்கரை லைன் இங்கேயே கிடைக்கும். மதியம் ஒரு மணி வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் அவர் கூப்பிடுவார். பேசி முடித்து, அதே லைனில் பிரேமலா ஸ்கேன் செய்வார். பச்சைக் குறி ஸ்கேன் கிடைத்ததற்கு மட்டுந்தான். எந்த நாட்டு லைன் என்பதைச் செயலி பிறகு பார்த்துக் கழித்துவிடும். விஜயன் விடுப்பில் வீட்டிலிருந்த மூன்று நாள் மட்டும் மலேசிய சிம்.

“இதச் சொன்னா நம்புவாங்களா, மிஸ்?”

“ஆதாரம் கேப்பாங்க.”

பாடங்களை ஒலிப்பதிவு செய்து ஏற்ற வேண்டும் என்பதும் புதிய விதிதான். ஜாக்லின் எப்போதும் வகுப்பு தொடங்கும் முன்பே பதிவை ஓடவிட்டுவிடுவார். பதினொன்றையும் எடுத்துக் கேட்டார். ஒவ்வொன்றும் பிரேமலாவின் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தது.

“சாப்டீங்களா... ரசம் கொட்டிடுச்சா? சரி, மிச்சத்தச் சாப்பிடுங்க... முட்டி வலி எப்படி இருக்கு... மிஸ் ஆரம்பிக்கப் போறாங்க, வைக்கிறேன்.”

பதிவுகளை ஆபிஸில் போட்டுக்காட்ட ஜாக்லின் மறுநாள் அனுமதி கேட்டார். பிரேமலா தலைகுனிந்துகொண்டார்.

“இதையெல்லாமா ஆபிஸ்ல கேப்பாங்க?”

“மொதல் ரெண்டு நிமிஷம்தான்க்கா. ரசத்த வேணா வெட்டிடவா?”

“வேணாம், இருக்கட்டும். வெட்டுனா அதுக்கும் ஒரு காரணம் கேப்பாங்க.”

தேர்வுப் பிரிவுத் தலைவர் கமலநாதன் இரண்டு பதிவுகளைக் கேட்டார். மூன்றாவதை ஜாக்லின் போடப்போனபோது, “போதும், மிஸ். அவங்க வீட்டுப் பேச்சு,” என்று நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேர்வு அனுமதியில் கையெழுத்திட்டார்.

ஜூன் 20ஆம் தேதி பிரேமலா தேர்வு எழுதினார். பி பிளஸ் வாங்கினார்.