டேப்பின் கடைசி ஐந்து நிமிஷம்

ரத்தினம்மாள் தன் குரலைத் தானே திருடிவிட்டாள் என்று காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார் வெங்கடராமன். பெங்களூர் தொம்மலூரில் அம்மன் கோயிலுக்குப் பின்சந்தில் அவள் வீடு. அங்கே கிடந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

அவள் அப்போதுதான் கார்மென்ட்ஸிலிருந்து வந்திருந்தாள். நாள் முழுக்கச் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூல் பிசிறு வெட்டுகிற வேலை. கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியை இன்னும் கழற்றக்கூட இல்லை.

"அம்ருதபிந்து ஆடியோ மேனேஜர்ம்மா நான். ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன சார். ஏழு வருஷம் முன்னாடி ரெக்கார்டிங்ல நீங்கதானே எனக்கு ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் கொடுத்தீங்க. தொண்டை கெட்டுடும்னு நான் தொடல. அதுக்குத்தான் இன்னிக்கு என் காபியைத் தொடாம வெச்சிருக்கீங்களா?"

வெங்கடராமன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து முக்காலிமேல் வைத்தார். அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் கோணல்மாணலாக "ரத்தினம்மாள் அம்மன் பாட்டு" என்று எழுதியிருந்தது. கேசட் பதிவுக் கடை வைத்திருக்கிற டென்சிலின் கையெழுத்து.

"அல்சூர்ல ஒரு பூக்கடையில இது ஓடிட்டிருந்தது. நேத்து எடுத்துட்டு வந்தேன்."

"வாங்கினீங்களா, சும்மா எடுத்துட்டு வந்தீங்களா?"

"எவிடென்ஸும்மா இது."

தொண்ணூற்றிரண்டில் காந்திநகர் ஸ்டூடியோ ஒன்றில் ஒரே மத்தியானத்தில் எட்டுப் பாட்டுப் பாடினாள் ரத்தினம்மாள். எட்டும் அவளே கட்டியவை. அதில் ஒன்றில் அம்மன் கார்மென்ட்ஸ் கேட்டில் வந்து நின்று, உள்ளே போகும் பெண்களின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, வெறும் சோறு கொண்டுவந்தவளுக்குத் தன் படையலிலிருந்து ஒரு கைப்பிடி வைப்பாள். அந்தப் பாட்டைக் கேட்டால் லைனில் இருக்கிற பெண்கள் மிஷினை நிறுத்திவிடுவார்கள். சூப்பர்வைசரும் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். அன்று இங்கிலீஷில் ஒரு பேப்பர் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். கம்பெனி கேசட் இரண்டு வருஷம் கடைகளில் கிடைத்தது. பிறகு நின்றுபோனது. அவளே நேரில் போய்க் கேட்டாள், இரண்டு தடவை. மார்க்கெட் இல்லைம்மா என்றார்கள். ஆனால் ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளிடம் மிச்சம் இருந்த ஒரு கேசட்டைப் பிரேசர் டவுன் டென்சில் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவைத்தாள். வேண்டியவர்கள் காலி கேசட் கொண்டுபோனால் அவன் ஏற்றிக் கொடுப்பான். பதிவுக் கூலி அவனுக்கு. அவளுக்கு ஒன்றும் இல்லை, அவளும் கேட்டதில்லை.

வெங்கடராமன் காகிதத்தைப் படித்துக் காட்டினார். எட்டுப் பாட்டும் கம்பெனிக்குச் சொந்தம். நகல் எடுத்தது தப்பு. எடுத்துக் கொடுத்தது பிரேசர் டவுன் டென்சில். இனிமேல் இந்தப் பாட்டுகளைக் கம்பெனி அனுமதி இல்லாமல் கேசட்டிலோ மேடையிலோ பாடமாட்டேன். கீழே அவள் பெயர், பக்கத்தில் ஒரு கோடு.

"மேடையிலயுமா சார்?"

"லாயர் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"வர்ற வெள்ளிக்கிழமை ஆடித் திருவிழா. பதினோரு வருஷமா நான்தான் பாடறேன். இதை விட்டா நான் எதைப் பாடறது, நர்சரி ரைம்ஸா?"

"கோவப்படாதீங்க. கம்பெனி பழைய பாட்டையெல்லாம் இப்ப சிடியில போடுது. உங்க பாட்டும் வருது. நல்லதுதானே."

"வரட்டும் சார், சந்தோஷம். அட்டையில என் பேர் இருக்குமா?"

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொத்தம் நாப்பது பாட்டும்மா. சின்ன அட்டை. எல்லார் பேரும் போட முடியாது. அம்மன் படம் போட்டிருக்கோம்."

"அம்மனுக்கு இடம் இருக்கு. பாடினவளுக்கு இல்ல."

"நீங்க கையெழுத்துப் போட்டா டென்சில் மேல மட்டும்தான் கம்ப்ளெயின்ட். இல்லேன்னா ரெண்டு பேர் மேலயும்."

ரத்தினம்மாள் கத்தரியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "பாட்டு என் வாயில வந்தது. மார்க்கெட் இல்லேன்னு சொல்லி நீங்க அதைப் பீரோவுல பூட்டினீங்க. பூட்டினதை நான் வெளிய எடுத்தேன். போடமாட்டேன் சார்."

அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ராத்திரி இந்தக் கேசட்டை முழுசாக் கேட்டேன். எட்டு உங்க பாட்டு. கடைசியில ஒன்பதாவதா ஒரு ஆம்பளைக் குரல் வருதே, அது உங்க வாயில வந்ததா? அவரைக் கேட்டுத்தான் போட்டீங்களா?"

முக்காலிமேல் அவர் விட்டுப்போன காகிதத்தை ரத்தினம்மாள் மடித்து எடுத்து வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் பிரேசர் டவுனுக்குப் போனாள். டென்சில் கடை ஒரு பேக்கரிக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில், ஆள் குறுக்கே நீட்டிப் படுக்க முடியாத அகலம். இரட்டை டெக்கில் ஒரு கேசட் ஓட ஒரு கேசட் பதிவாகிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு டென்சில் தலையைச் சொறிந்தான்.

"சைன் பண்ணிடு ரத்னா. என் பேரை எழுதிக்கட்டும். என்ன எடுத்துட்டுப் போவான், இந்த டெக்கைத்தானே? இதோட ஹெட் தேஞ்சு ஆறு மாசம் ஆச்சு. அவன் ஆபீஸ்ல வெச்சுப் பேஜார் படட்டும்."

"அதுக்கு வரல நான். ஒன்பதாவது பாட்டு யாருது?"

"ஓ, ஃபில்லிங்கா?"

இது ரெக்கார்டிங் கடைக்காரர்களின் பழக்கம். அறுபது நிமிஷக் கேசட்டில் பாட்டு ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டால் மீதி டேப்பைச் சும்மா விடமாட்டார்கள். காலியாக ஓடினால் ஏமாற்றிவிட்டான் என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கையில் கிடைக்கிற ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு அடைத்துவிடுவார்கள். டென்சில் அடைத்தது ஒரு மனுஷன் மேளம் இல்லாமல் வெறும் கைத்தட்டலோடு பாடிய பாட்டு. திருவிழா முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தெருமுனையில் தனியாக நிற்கிற தேரைப் பற்றியது. தொம்மலூரில் சிலர் அதைக் கேட்பதற்காகவே கேசட்டை முன்னால் ஓட்டுவார்கள். யார் பாடினது என்று அவளைக் கேட்டதும் உண்டு. யாரோ ஒரு ஆள் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறாள். தன் கேசட்டில் அடுத்தவன் பாட்டைத் தேடிக் கேட்கிறார்களே என்று கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

"சந்தாபுரா பெருமாள்சாமி," என்றான் டென்சில். "பஞ்சர் கடை வெச்சிருக்காரு. பத்து காப்பி போடச் சொல்லி ஒரு டேப் கொடுத்தாரு. மெஷின் மேலயே இருந்தது, ஃபில்லிங்குக்குப் போட்டுட்டேன். நல்லா இருந்தது மேன், அதான்."

"அவரைக் கேட்டியா?"

"ஃபில்லிங்குக்கு எவன் கேப்பான்?"

"நானும் கேக்கல," என்றாள். "ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன், பேர் என்னன்னு கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை சில்க் போர்டில் இறங்கி அத்திப்பள்ளி பஸ் பிடித்தாள். சந்தாபுராவில் பஞ்சர் கடை என்றதும் கையைக் காட்டினார்கள். பெருமாள்சாமி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவள் பெயரைச் சொன்னாள். அவர் டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். ஆனேக்கல் போற ஆட்டோவுல கேட்டேன். உன் பாட்டு முடிஞ்சுது, என் பாட்டு வந்தது. இது நான் பாடினதுப்பான்னேன். டிரைவர் சிரிச்சான். இது ரத்தினம்மா கேசட்டு, நீ இறங்குன்னான்."

"தப்பு அண்ணா."

"டென்சில் போட்டான், நீ என்ன பண்ணுவே."

"அவன் போட்டதைத் தெரிஞ்சே நான் விட்டேன். என் பேர்ல ஊரெல்லாம் போச்சு."

குமிழி வந்தது. பெருமாள்சாமி அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டார். "பேஷா போகட்டும். பாட்டு போறதுக்குத்தானே. நான் பத்து கேசட் போட்டேன், ஏழு இன்னும் வீட்டுல கிடக்கு. உன் கேசட்ல ஆட்டோ ஆட்டோவாப் போவுது. அதுக்கு வயிறெரியல எனக்கு. அட்டையில பேனாவால எழுதறியே, இன்னொரு பேர் எழுதினா மை தீர்ந்துடுமா?"

சின்ன அட்டை என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. வெங்கடராமனின் முகமும் கூடவே வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"என்ன செய்யணும் சொல்லுங்க."

"நீயே சொல்லு. வந்தவ நீ."

"வெள்ளிக்கிழமை எங்க கோயில் மேடை. வாங்க. மைக்ல நான் சொல்றேன், யார் பாட்டு, எப்படி வந்துதுன்னு. நீங்க பாடுங்க."

"பாட உனக்கே தடைன்னு டென்சில் போன்ல சொன்னான்."

"எனக்குத் தடை போட்டவர் வருவாரு. அவருக்கு வேற பதில் வெச்சிருக்கேன். முதல்ல உங்க கணக்கைத் தீர்க்கணும்."

"வர்றேன்னு சொல்லமாட்டேன்," என்றார் பெருமாள்சாமி. "டியூப் வேலை வந்தா வரமுடியாது." ஆனால் டீ வரவழைத்தார். அவளும் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே கோயில் முன்னால் கூழ் அண்டாவைச் சுற்றிக் கூட்டம். மைக்செட் கோவிந்தப்பா "ஹலோ, ஹலோ, ஒந்து, எரடு" என்று ஒரு மணி நேரமாகக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். கார்மென்ட்ஸ் பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெங்கடராமனும் வந்திருந்தார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். அவள் மேடையில் பாடினாள் என்பதற்குச் சாட்சி.

பெருமாள்சாமியைக் காணோம். ஏழு மணி ஆனது. கோயில் நிர்வாகிகள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். ரத்தினம்மாள் மேடை ஏறினாள்.

"பாட்டுக்கு முன்னாடி ஒரு விஷயம்," என்றாள். "உங்க வீட்டுல எல்லாம் என் கேசட் இருக்கு. அதுல கடைசியா ஒரு தேர்ப் பாட்டு வரும். என் பேர்ல ஓடிட்டிருக்கு. என்னுது இல்ல. சந்தாபுரா பெருமாள்சாமி கட்டிப் பாடினது. அவரைக் கேக்காம போட்டோம். கேக்காம போட்டது திருட்டு. அதை நான் பண்ணியிருக்கேன். வீட்டுக்குப் போய் அட்டையில அவர் பேரை எழுதிக்குங்க. பேனா இல்லாதவங்க என்கிட்ட வாங்க."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் வழி விலக்கிக்கொண்டு வந்தார். விரல் நகங்களில் கிரீஸ் போகவில்லை, ஆனால் சட்டை இஸ்திரி போட்டது. வெகு நேரமாகப் பின்னால்தான் நின்றிருந்திருக்கிறார். மேடையேறி, மைக்கைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, கைத்தட்டி ஆரம்பித்தார். அந்தத் தேர் தனியாக நின்றது, கூழ் அண்டாவில் கரண்டிச் சத்தம்கூட நின்றது.

அவர் முடித்ததும் ரத்தினம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

"இன்னொரு விஷயம். நான் கட்டின எட்டுப் பாட்டையும் நானே பாடக்கூடாதுன்னு இதுல இருக்கு. ஏழு வருஷம் முன்னாடி படிக்கத் தெரியாத ஒரு பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டது நிஜம். அதை இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா இந்தப் பேப்பரைப் படிச்சுப் பார்த்துட்டேன். இதுல போடல. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா வர்றேன், அங்கயும் பாடறேன். தப்பு பண்ணினேன், யாருக்குப் பண்ணினேனோ அவர்கிட்ட சொல்லிட்டேன். மத்தவங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மைக் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். ஸ்டாண்ட் ஆடுவது நின்றது. கோவிந்தப்பா சாயங்காலம் முதல் அதற்குத்தான் கல் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு பாடினாள். வெங்கடராமனின் ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் டிபன் டப்பா பாட்டு. முன்வரிசைப் பெண்கள் அவளுக்கு முன்னாலேயே அடுத்த அடியை எடுத்தார்கள். எட்டுப் பாட்டையும் பாடினாள், ஒன்றும் விடவில்லை. வெங்கடராமன் கடைசிவரை நகரவில்லை. நாலாவது பாட்டுக்குள் அவர் டேப் ஒரு பக்கம் ஓடித் தீர்ந்துவிட, அவசரமாகத் திருப்பிப் போட்டதை அவள் மேடையிலிருந்தே பார்த்தாள்.

எட்டாவது முடிந்ததும் மைக்கிலேயே கேட்டாள்: "சார், நல்லா விழுந்துதா? டேப் இன்னும் மிச்சம் இருக்கா?"

வெங்கடராமன் தன்னையறியாமல் ரெக்கார்டரைக் குனிந்து பார்த்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்," என்றார். கூட்டம் சிரித்தது.

"காலியா விடாதீங்க. தேர்ப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்றேன், எடுத்துக்குங்க."

பெருமாள்சாமி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவரை முதல்ல என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு," என்றார்.

எல்லோரும் வெங்கடராமனைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.